அன்னப்பறவைப் பள்ளியின் வெனிலாக் கொள்கை

ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகிற சாலையில் இருக்கும் அன்னப்பறவை இன்டர்நேஷனல் உறைவிடப் பள்ளிக்கு இடது பக்கம் விளையாட்டு மைதானமும் வலது பக்கம் கோழிப்பண்ணையும் இருக்கின்றன. இரண்டுக்கும் சொந்தக்காரர் பள்ளியின் தாளாளர் சென்னியப்பன். மைதானத்தில் யாரும் விளையாடுவதில்லை. பண்ணையில் கோழிகள் முட்டையிடாத நாளில்லை. ஆகவே தன்னுடைய நிறுவனங்களில் எது ஒழுங்காக நடக்கிறது என்பதில் அவருக்கு ஒருபோதும் குழப்பம் வந்ததில்லை.

பள்ளியின் நுழைவாயில் வளைவில், பாலையும் நீரையும் பிரித்தறியும் அன்னத்தின் சிலை ஒன்று நிற்கிறது. சிற்பி பண்ணையில் தங்கி வேலை செய்ததாலோ என்னவோ, அன்னத்துக்குக் கொண்டை வந்துவிட்டது. அதை யாரும் தாளாளரிடம் சொல்லவில்லை.

பிரச்சினை ஏப்ரல் மாதத்தில் வந்தது. அதுதான் மாணவர் சேர்க்கைக்கான மாதம். காற்று பண்ணைப் பக்கமிருந்து வீசியது. ஏசி காரில் வந்த பெற்றோர்கள் கதவைத் திறந்து ஒரு காலைத் தரையில் வைப்பார்கள். மறு காலை வைப்பதற்கு முன் கைக்குட்டை மூக்குக்குப் போய்விடும். சிலர் வைத்த காலையும் எடுத்துக்கொண்டு காரிலேயே திரும்பிப் போனார்கள்.

சென்னியப்பன் ஆசிரியர் கூட்டம் கூட்டினார். உயிரியல் ஆசிரியர் எழுந்து, பண்ணையின் எருவை உடனுக்குடன் அள்ளிவிட்டால் வாசம் பெருமளவு குறையும் என்றார்.

“ஏனுங் சார், அந்தக் கோழிக தெனமும் ஒரு முட்டை உடுது. நீங்க தெனமும் என்ன உடறீங்க?” என்று சென்னியப்பன் கேட்டார்.

உயிரியல் ஆசிரியர் உட்கார்ந்தார். அடுத்த வாரம் அவர் வேறொரு பள்ளியில் உயிரியல் நடத்திக்கொண்டிருந்தார்.

அந்தப் பள்ளியில் வரவேற்பாளராக இருந்தவள் மோகனப்பிரியா. ராசிபுரத்தில் தறி ஓட்டிய குடும்பத்துப் பெண். அவளுடைய கணவன் பிரபாகர் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மொத்த ஜவுளிக் கடையில் விற்பனையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர்களுடைய மகள் தனப்பிரியா அதே பள்ளியில் நான்காம் வகுப்பு. விடுதியில் இல்லை, அம்மாவோடு பஸ்ஸில் போய்வருவாள். ஊழியர் பிள்ளை என்பதால் கட்டணத்தில் பாதி தள்ளுபடி. அந்தப் பாதிக்காகத்தான் மோகனப்பிரியா, வருவோர் போவோர் எல்லாரிடமும் நாள் முழுக்கச் சிரித்தாள்.

தீபாவளிக்குச் சூரத் ஏஜென்ட் ஒருவர் பிரபாகருக்கு ஒரு சென்ட் பாட்டில் கொடுத்திருந்தார். வெனிலாவும் லேசாகக் கருகிய சர்க்கரையும் கலந்த வாசம். மல்லிகை, சந்தனம் என்றே பழகிய மோகனப்பிரியாவுக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. உடம்பில் யாராவது கேக் வாசத்தைப் பூசிக்கொள்வார்களா? பூசிப் பார்த்தாள். அடுத்த வீட்டில் யாரோ ஏதோ சுடுகிறார்கள், நமக்கும் ஒரு துண்டு கொடுத்தனுப்புவார்கள் என்பது போன்ற ஒரு நம்பிக்கை அன்று முழுக்கக் கூடவே இருந்தது. அதிலிருந்து அவள் அதை விடவில்லை.

ராசிபுரத்து வெயிலில் அதை எப்படி வைத்துக்கொள்வது என்பதையும் அவளே கண்டுபிடித்தாள். நிறைய அடித்தால் பத்து மணிக்கே திகட்டிவிடும். குளித்து ஈரம் காயுமுன் கொஞ்சம் லோஷன் தடவி, ஒரு மணிக்கட்டில் ஒரு தடவை அடித்து, மறு மணிக்கட்டை அதன் மேல் தேய்க்காமல் ஒற்றிக்கொள்வாள். பின்னங்கழுத்தில், பின்னலுக்குக் கீழே இன்னொரு தடவை. அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் சர்க்கரை கரைந்துபோய், காய்ச்சிய பால் ஆறுகிற மாதிரி ஒரு வாசம் மட்டும் மிஞ்சும். அந்த மத்தியான வாசம்தான் அவளுக்கு ரொம்பப் பிடித்தது.

“என்ன கண்ணு, பேக்கரில இருந்து நேரா வாரயா?” என்று டவுன் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரிகள் கேட்பார்கள். கேட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருவார்கள்.

ஒரு திங்கட்கிழமை, பரமத்தி வேலூரில் வாழையும் வெற்றிலையும் போட்டிருந்த பெரியநாயகி என்ற பெண், இரண்டு பிள்ளைகளைச் சேர்க்க வந்தாள். காரை விட்டு இறங்கியதும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். திரும்பிப் போகலாம் என்று கணவனிடம் சொல்லிக்கொண்டேதான் உள்ளே வந்தாள். மோகனப்பிரியாவின் மேசை முன்னால் உட்கார்ந்ததும் முந்தானையை எடுத்தாள்.

“இங்க என்னமோ நல்லா மணக்குதே?”

“நான் போட்டிருக்கறதுங்க.”

“அப்ப இங்கயே உக்காந்துக்கறேன் கண்ணு. வெளிய முடியல.”

உட்கார்ந்தவள் இரண்டு பிள்ளைகளையும் சேர்த்துவிட்டுத்தான் எழுந்தாள். தன் அறையில் கேமரா திரையில் இதைப் பார்த்துக்கொண்டிருந்த சென்னியப்பன் மோகனப்பிரியாவைக் கூப்பிட்டனுப்பினார். வேலை போயிற்று என்றுதான் அவள் நினைத்தாள். அவர் மேசையைச் சுற்றிவந்து, தீவனம் கெட்டுவிட்டதா என்று பார்ப்பவர் போல இரண்டடி தள்ளி நின்று மோந்தார்.

“இது என்னம்மா வாசம்? பால்கோவாவா?”

“வெனிலாங்க அய்யா.”

“வெனிலா,” என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அதோடு, அது அவளுடைய வாசமாக இருந்த காலம் முடிந்தது.

அடுத்த வாரம் பெங்களூரிலிருந்து கௌதமன் என்ற ஆலோசகர் வந்தார். நிறுவனங்களுக்கு மணம் வடிவமைப்பது அவருடைய தொழில். ஒரு துணிக்கடைக்கும் இரண்டு ஓட்டல்களுக்கும் வடிவமைத்திருந்தார். பள்ளிக்கு இதுதான் முதல் தடவை. ஆசிரியர்களைக் கலையரங்கில் உட்காரவைத்து அவர் பேசினார்.

“வாசனைங்கிறது கண்ணுக்குத் தெரியாத யூனிஃபார்ம். ஒரு பேரன்ட் கால் வழியா உங்க ஸ்கூலுக்குள்ள வர்றதில்ல, மூக்கு வழியாத்தான் வர்றாங்க. இனிப்பு வாசம் பட்டா மூளை உடனே நம்ப ஆரம்பிச்சிடும். நம்புற மூளை கேள்வி கேக்காது.”

முன்வரிசையிலிருந்த சென்னியப்பன் கையைத் தூக்கினார். “கேள்வி கேக்காதுன்னா, அதைப் பசங்களுக்கும் அடிச்சு உட்ருலாமே?”

ஆசிரியர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை என்பதைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார்கள்.

கௌதமனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சென்ட் வைத்துக்கொள்வது எப்படி என்பது அவருக்கு உண்மையிலேயே தெரிந்திருந்தது. இனிப்பு வாசம் வெயிலில் ஊதிப் பெருகும், இரண்டு தடவை அடித்தால் போதும், மூடிய அறையில் பலர் சேர்ந்திருக்கும்போது அதுவும் அதிகம், பட்டுப் புடவையில் அடித்தால் கறை விழும் என்றெல்லாம் சொன்னார். சொன்னதற்கான தொகை அவருக்கு முன்கூட்டியே போய்ச் சேர்ந்திருந்தது. எனவே சென்னியப்பன் அதை மறுத்தபோது அவர் வற்புறுத்தவில்லை.

“ரெண்டு சொட்டுங்கிறது கோழிக்குஞ்சுக்குக் கண்ணுல மருந்து உடற கணக்குங்க. இது இத்தனாம் பெரிய ஸ்கூலு. நம்ம பண்ணைக்குள்ள வார தீவன லாரிக்குக் கிருமிநாசினி அடிக்கிற மெசினு ஒன்னு சும்மாதான் கெடக்குது. அதைக் கொண்டாந்து கேட்டுல நிறுத்திப் போடுவோம்.”

“கிரேட் ஐடியா சார்,” என்றார் கௌதமன்.

மறுநாள் பள்ளியில் நறுமண ஒழுக்கக் குழு அமைந்தது. முதல்வர் ஸ்ரீதேவி அதற்குத் தலைவர். யார் எந்த வாசத்தில் மணக்க வேண்டும் என்று குழு தீர்மானித்தது. வெனிலாவுக்குத் தலைமைப் பண்பு இருப்பதாகக் கௌதமன் கண்டறிந்ததால் அது தாளாளருக்கும் முதல்வருக்கும் மட்டும் ஒதுக்கப்பட்டது. கணக்கு ஆசிரியைக்குப் பிஸ்தா பர்ஃபி. இயற்பியலுக்குக் காபி கலந்த கேரமல், பிள்ளைகள் தூங்காமல் இருப்பதற்காக. தமிழ் ஆசிரியர் மண்ணின் மணமாக இருக்க வேண்டும் என்று வெல்லப்பாகு. விடுதிக் காப்பாளரைக் கண்டால் பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று அவருக்கு ஸ்ட்ராபெர்ரி க்ரீம். அவர் கையிலிருந்த பிரம்பைப் பற்றிக் குழு எதுவும் சொல்லவில்லை.

மோகனப்பிரியாவுக்குக் கடலைமிட்டாய் வந்தது.

“மேடம், நான் எப்பவும் போடறதையே போட்டுக்கறனுங்களே?” என்று அவள் முதல்வரிடம் கேட்டாள்.

“அது டைரக்டர் லெவல் ஃப்ராக்ரன்ஸ்ம்மா. ரிசப்ஷன்ல அது மணந்தா உள்ள வர்றவங்களுக்கு யார் மேனேஜ்மென்ட்னு குழப்பம் வராதா?”

அன்று வீட்டுக்குப் போனதும் அவள் பாட்டிலை எடுத்து அலமாரியின் உள்தட்டில் வைத்தாள். ஒரு சென்ட்டுக்காகவா இப்படி நெஞ்சு கனக்கிறது என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. கனத்தது என்னவோ உண்மை.

மறுநாளிலிருந்து ஆசிரியர்கள் ஒவ்வொருவராகக் கண்ணை மூடிக்கொண்டு வளைவுக்குக் கீழே நின்றார்கள். பண்ணை ஆள் சடையன் குழாயைப் பிடித்துத் தலை முதல் கால் வரை அடித்தார். முப்பது வருடமாக அவர் லாரிகளுக்கு அடித்தவர். பழக்கதோஷத்தில், “அப்படியே ரிவர்ஸ்ல வாங்க” என்று தமிழ் ஆசிரியரிடம் சொல்லிவிட்டார். தமிழ் ஆசிரியரும் பின்பக்கமாக வந்தார்.

வாசம் வெளியே போகக்கூடாது, பண்ணைக் காற்று உள்ளே வரக்கூடாது என்று வகுப்பு ஜன்னல்கள் எல்லாம் சாத்தப்பட்டன. ஒவ்வொரு பாடவேளையிலும் ஒரு பலகாரம் உள்ளே வந்து, பாடம் நடத்திவிட்டு வெளியே போயிற்று. அடுத்த பலகாரம் வந்தது. முந்தையது போகாமல் அங்கேயே இருந்தது. மூன்றாவது பாடவேளைக்குள் விடுதிப் பிள்ளைகளுக்கு நாக்கில் எச்சில் ஊறிவிடும். மத்தியானம் ஓடிப்போய்த் தட்டை நீட்டினால் வழக்கமான ரசம் சாதம்தான். ஒரு நாள் ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று கணக்கு ஆசிரியையின் துப்பட்டா நுனியை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருந்தது. அவர் அழுதுகொண்டே முதல்வரிடம் போனார். பிள்ளைகளின் ஈடுபாடு அதிகரித்திருப்பதாக முதல்வர் தாளாளருக்குத் தெரிவித்தார்.

தாளாளர் இதில் இன்னொரு நன்மையையும் கண்டார். ஞாயிற்றுக்கிழமை கேசரியை நிறுத்திவிட்டார்.

“வாரம் பூராவும் மூக்குல தின்னுட்டானுங்க. மறுக்கா வாயில வேற எதுக்கு? பசங்களுக்குச் சர்க்கரை சேரக்கூடாதுன்னு டாக்டர்களே சொல்றாங்க.”

இந்தச் சமயத்தில் தனப்பிரியாவுக்கு இருமல் தொடங்கியது. சிறு வயதில் அவளுக்கு இளைப்பு இருந்தது. பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு வந்ததே இல்லை. இப்போது மாலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அவளுக்கு நெஞ்சு ஏறி இறங்கியது. ஒரு நாள் பேசவும் முடியவில்லை. மோகனப்பிரியா அவளைத் தூக்கிக்கொண்டு ராசிபுரத்தில் ஒரு கிளினிக்குக்கு ஓடினாள். டாக்டர் மூக்கில் முகமூடியை மாட்டி மருந்துப் புகை கொடுத்தார்.

“ஊட்டுல கொசுவர்த்தி, ஊதுபத்தி ஏதாச்சும் கொளுத்தறீங்களா?”

“ஊட்டுல ஒன்னுமில்லீங்க டாக்டர். பள்ளிக்கூடத்துல எல்லாரும் சென்ட் அடிக்கறாங்க. ஜன்னலும் தெறக்கறதில்ல.”

“எந்த ஸ்கூலு?”

சொன்னாள். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். “அன்னப்பறவையா? நீங்க அங்கயா வேலை செய்யறீங்க? எம்பையனுக்கு ஆறாவதுக்கு ஒரு சீட்டு சொல்ல முடியுமா?”

தனப்பிரியா முகமூடிக்குள்ளிருந்து அம்மாவைப் பார்த்தாள். மோகனப்பிரியா கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள்.

மறுநாள் அவள் முதல்வர் அறைக்குப் போனாள். கதவைத் திறந்ததும் அவளுடைய சொந்த வெனிலா முகத்தில் அறைந்தது. ஸ்ரீதேவியின் புடவையிலிருந்தும் கூந்தலிலிருந்தும் ஒரு கடை நிறைய கேக் கருகுகிற மாதிரி வந்தது. மகளின் வகுப்பிலாவது ஆசிரியர்கள் வாசம் போடாமல் வரட்டும், இல்லையென்றால் ஜன்னலையாவது திறக்கட்டும் என்று கேட்டாள்.

“எல்லா அம்மாவும் இப்படி ஒன்னொன்னு கேட்டா நாம எப்பம்மா இன்டர்நேஷனல் ஆகறது?” என்றார் ஸ்ரீதேவி. அவர் கண்கள் சிவந்திருந்தன. “எனக்கு மட்டும் தலைவலி இல்லையா? காலைல ஒன்னு, மத்தியானம் ஒன்னு மாத்திரை போட்டுக்கறேன். அதுக்குப் பேர்தான் டிசிப்ளின். உன் பொண்ணு இன்னும் பிராண்டுக்கு அடாப்ட் ஆகல. அவ்வளவுதான்.”

விஷயம் தாளாளரிடம் போயிற்று. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அவளை உட்காரச் சொன்னதே அவள் அங்கு சேர்ந்த பிறகு அன்றுதான்.

“கோழிக்கு மூச்சுத் திணறுனா ஃபேன் போட்டு உடுவேன் கண்ணு. ஒன்னு செத்தாலும் அன்னைக்குச் சாயங்காலமே எனக்குத் தகவல் வந்துரும். பசங்க அப்படி இல்ல, தாங்குவாங்க. நீ ஒன்னு பண்ணு. ஞாயித்துக்கெழமை நம்ம நறுமணத் திருநாளு. பேரன்ட்ஸ் எல்லாம் வாராங்க. இதை மொதல்ல ஆரம்பிச்சவ நீதான? மேடைல ஏறி, இந்த வாசம் வந்தப்பறம் எம்புள்ள நல்லாப் படிக்கறான்னு ஒரு வார்த்தை சொல்லு. பிளஸ் டூ வரைக்கும் உம்புள்ளைக்கு ஃபீஸே வேண்டாம்.”

அன்று மாலை அவள் பிரபாகரிடம் இதைச் சொன்னாள்.

“பிளஸ் டூ வரைக்குமா?”

“ஆமா.”

“அதுவரைக்கும் இவ மூச்சு உடோணுமே,” என்றான். பிறகு, “மேடைல நிக்கப் போறவ நீ. உனக்கு என்ன தோணுதோ அதைப் பேசு. எனக்காகன்னு எதுவும் பேசாத,” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை கலையரங்கம் நிறைந்தது. சங்ககிரியிலிருந்து லாரி உரிமையாளர்களும் திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்காரர்களும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். பெற்றோருக்கும் சடையன் வளைவில் அடித்து அனுப்பினார். பெண்கள் பலர் பட்டுப் புடவையில் வந்திருந்தார்கள். கறைகள் காய்ந்துகொண்டிருந்தன. வரவேற்புரை முடிவதற்குள் மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டர் ஓடும் சத்தம் கேட்டது, ஆனால் அரங்கத்தில் ஒரு மின்விசிறியும் சுற்றவில்லை.

“பயப்படாதீங்க,” என்று சென்னியப்பன் உரத்த குரலில் சொன்னார். “ஜெனரேட்டர் கரண்ட்டு மொதல்ல பண்ணைக்குப் போகும். அதுக வாயில்லா ஜீவன், சூடு தாங்காது. நாம மனுசங்க.”

பெற்றோர் தலையாட்டினார்கள். நூற்றுக்கணக்கான உடம்புகளிலிருந்து பர்ஃபியும் கேரமலும் வெல்லப்பாகும் வியர்வையோடு சேர்ந்து எழும்பின. தாளாளர் பேசத் தொடங்கினார்.

“எனக்குப் படிப்பில்லீங்க. கோழிதான் எனக்கு எல்லாம் சொல்லிக் குடுத்துச்சு. பதினாறு மணி நேரம் வெளிச்சம் குடுத்தா முட்டை கூடும். அதே பதினாறு மணி நேரம் லைட்டைப் போட்டுப் பசங்களைப் படிக்க வெச்சேன், மார்க்கு கூடுச்சு. கோழியை வெளிய மேய உட்டா கவனம் செதறிப் போகும். பசங்களையும் உடறதில்ல. தீனி அளவு. தூக்கம் அளவு. முட்டை உடாத கோழியை நான் வெச்சுக்கறதில்ல. மார்க்கு வாங்காத பையனை டென்த்தோட டீசி குடுத்து அனுப்பிப் போடுவேன். அதனாலதான் நம்ம ஸ்கூலு எப்பவும் நூறு பர்சன்ட்டு!”

கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. இரண்டொருவர் எழுந்து நின்றே தட்டினார்கள். கௌதமன் அதைத் தன் செல்போனில் படம் பிடித்துக்கொண்டார்.

பிறகு மோகனப்பிரியாவை மேடைக்கு அழைத்தார்கள். ஏறும்போது, நான்காம் வகுப்பு வரிசையில் தனப்பிரியா வாயைத் திறந்து மூச்சு வாங்குவதைப் பார்த்தாள். என்ன பேச வேண்டும் என்று ஸ்ரீதேவி சொல்லிக் கொடுத்திருந்தது எல்லாம் மறந்துபோயிற்று.

“எல்லாருக்கும் வணக்கமுங்க. எனக்கு இந்த இனிப்பு வாசம் ரொம்பப் புடிக்குமுங்க. பொய் சொல்லல. கையில கொஞ்சூண்டு போட்டுக்கிட்டா மனசுக்கு இதமா இருக்கும். இப்ப எல்லார் மேலயும் மருந்தடிக்கற மாதிரி அடிக்கறாங்க. எதுக்குன்னா, அந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம் கோழிப்பண்ணை இருக்குது. எருவை அள்ளாம உட்டுட்டு அதை மூடறதுக்குத்தான் இத்தனையும். ஜன்னலைச் சாத்தி வெச்சு எம்புள்ளைக்கு இளைப்பு வந்துருச்சுங்க. அவ நல்லாப் படிக்கல. அவளால மூச்சே உட முடியல. கொஞ்சம் அந்த ஜன்னலைத் தெறந்து உடுங்க, உங்களுக்கே தெரியும்.”

ஸ்ரீதேவி அவளைத் தடுக்க மேடையை நோக்கி விரைந்தார். அதற்குள் கடைசி வரிசையில் யாரோ ஒருவர் ஜன்னலைத் திறந்தார். பண்ணைக் காற்று உள்ளே வந்தது. இருந்த இனிப்போடு அது கலந்து எழும்பிய நாற்றத்தில் முன்வரிசைப் பெண் ஒருத்தி வாந்தி எடுக்க எழுந்து ஓடினாள். அரங்கம் சலசலத்தது. வெள்ளைச் சட்டையும் தங்கச் சங்கிலியுமாகச் சங்ககிரிக்காரர் ஒருவர் எழுந்து நின்றார்.

“அந்த அம்மிணி சொல்றது நெசமுங்களா?”

சென்னியப்பன் ஒரு கணம் யோசித்தார். “நெசந்தானுங்க,” என்றார்.

அரங்கம் அமைதியானது. இத்தனை பேர் கேட்டுவிட்டார்கள், இனி இவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று மோகனப்பிரியா நினைத்தாள்.

“செரி, அது இருக்கட்டுமுங்க,” என்றார் சங்ககிரிக்காரர். “போன வருசம் மெடிக்கல் சீட்டு எத்தனை?”

முதல்வர் எண்ணிக்கையைச் சொன்னார். இந்த முறை கைதட்டல் முன்னதைவிடப் பலமாக இருந்தது. ஜன்னலை யாரோ சாத்தினார்கள். அது பள்ளி ஊழியர் இல்லை, பெற்றோரில் ஒருவர்தான். கூட்டம் முடிவதற்கு முன்பே சேர்க்கை மேசை முன்னால் வரிசை நின்றுவிட்டது. பெரியநாயகியும் அங்கே நின்றாள், தங்கை மகனுக்கு ஓர் இடம் கேட்பதற்காக. மோகனப்பிரியாவைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மோகனப்பிரியாவை யாரும் திட்டவில்லை. சேர்க்கை மும்முரத்தில் அதற்கு யாருக்கும் நேரமில்லை. இன்றோடு வேலை இல்லை, பிள்ளைக்கும் இடமில்லை என்பதை ஸ்ரீதேவி நடந்துகொண்டே சொல்லிவிட்டுப் போனார். நின்று சொல்ல வேண்டிய அளவுக்கு அது முக்கியமானதாக இல்லை.

மோகனப்பிரியா மகளின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் கையைப் பிடித்து வெளியே வந்தாள். வெயில் கொளுத்தியது. பஸ் நிறுத்தத்துப் புளியமரம் வரை வந்ததும் தனப்பிரியா நின்று நன்றாக ஒரு மூச்சு இழுத்தாள். இருமல் வரவில்லை. இன்னொன்றும் இழுத்துப் பார்த்தாள்.

“அம்மா, நாளைக்கு எந்த ஸ்கூலு?”

“நம்மூர் கவர்மெண்ட் ஸ்கூலு.”

“அங்க ஜன்னல் இருக்குதா?”

“கதவே இல்லாத ஜன்னல் சாமி,” என்றாள். பேச ஆரம்பித்தபோது அவளுக்கு அழுகைதான் வந்தது, முடிக்கும்போது சிரித்துவிட்டாள்.

அப்போது ஒரு வெள்ளைக் கார் அவர்கள் பக்கத்தில் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது. முன்சீட்டில் கணவனும் மனைவியும், பின்சீட்டில் புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஒரு பையனும் இருந்தார்கள்.

“அன்னப்பறவை ஸ்கூலு இதுதானுங்களா?” என்று அந்த ஆள் கேட்டார். பிறகு மூக்கைச் சுளித்தார். “என்னங்க இது, இப்படி நாறுது?”

“கோழிப்பண்ணைங்க. ஸ்கூலை ஒட்டியே இருக்குது.”

“ஓ,” என்றார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் ஏதோ முணுமுணுத்தாள். அவர் மறுபடி தலையை வெளியே நீட்டினார். “நாலாங்கிளாஸ்ல சீட்டு ஏதாச்சும் இருக்குமுங்களா?”

மோகனப்பிரியா மகளைப் பார்த்தாள்.

“இப்பத்தான் ஒன்னு காலியாச்சுங்க,” என்றாள்.

அந்த ஆள் நன்றி சொல்லவும் நிற்கவில்லை. வேறு யாரும் முந்திக்கொள்வதற்குள் போய்விட வேண்டும் என்று வண்டியை வேகமாக உள்ளே விட்டார்.